சுகம் என்று எழுதாதீர்கள், அக்கா

ரூ பிலிப்-து-ஜிரார், பாரிஸ்
18.11.1984

அன்புள்ள கொறற்றி அக்காவுக்கு,

பேர்ளிதான். மூன்று மாதமாகக் கடிதம் இல்லை, தெரியும். திட்டெல்லாம் சேர்த்து ஒரே கடிதத்தில் எழுதிவிடுங்கள், நான் இருந்து வாசிக்கிறேன். என் மனுசன் வின்சன்ற் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவப் போனால் திரும்பி வரும்போது பேச வாய் திறக்காது. நானும் இப்போது வேலைக்குப் போகிறேன், அதுதான் இந்தச் சுணக்கம்.

வேலை தூரத்தில் இல்லை. எங்கள் கட்டடத்திலேயே இரண்டாம் மாடி. மதாம் றோஸ்னர் என்று ஒரு யூத மனுசி. வியன்னாவில் பிறந்தவ, யுத்தத்துக்கு முதலே இங்கே தப்பி வந்தவ. இடுப்பெலும்பு முறிந்து இப்போது தடியோடு நடக்கிறா. நான் சமைத்து, வீடு கூட்டிக் கொடுக்கிறேன். நல்ல மனுசி, ஆனால் கண்ணாலேயே தூசு பிடிப்பா. உங்களைப் போலத்தான்.

அக்கா, போன வெள்ளிக்கிழமை நான் ஒரு விசர் வேலை பார்த்துவிட்டேன். பொழுதுபடும் நேரம் மதாம் மேசையில் இரண்டு மெழுகுதிரி கொளுத்தி, முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு செபம் சொன்னா. பிறகு கதிரையிலேயே கண்ணயர்ந்துவிட்டா. நான் குசினி அலுவல் முடித்து வந்து பார்த்தால் திரி எரிகிறது, பக்கத்தில் லேஸ் திரைச்சீலை, மனுசி நல்ல நித்திரை. நீங்கள் என்னை எப்படி வளர்த்தீர்கள்? எரிகிற திரியை விட்டுவிட்டு அசையக்கூடாது என்றுதானே? பூ என்று ஊதினேன். லைட்டுகளையும் அணைத்துவிட்டுப் பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்தநாள் போனால் மதாம் அதே கதிரையில், அதே உடுப்போடு, கம்பளியைப் போர்த்துக்கொண்டு இருக்கிறா. அவர்களுடைய வேதப்படி வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து சனி இருட்டும்வரை நெருப்பு மூட்டக்கூடாதாம், லைட்டைத் தொடக்கூடாதாம். இரவு முழுக்க அந்த மனுசி இருட்டுக்குள் இருந்திருக்கிறா.

"ஐயோ மதாம், என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?" என்று அழுதேன்.

அதற்கும் தடையாம். மற்ற ஆளிடம் "லைட்டைப் போடு" என்று கேட்கவும் கூடாது. "இருட்டாய் இருக்குது" என்று மட்டும் சொல்லலாம். கேட்கிற ஆள் தானாக விளங்கிக்கொள்ள வேண்டும். நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்க, மதாம் சிரிக்கத் தொடங்கினா. சிரிப்பென்றால் தடி விழுகிற சிரிப்பு. இப்போது என்னைப் பார்த்தாலே உதட்டைக் குவித்து ஊதிக் காட்டுகிறா.

இங்கே ரேடியோவில் ஊர்ப் பெயர் வந்தாலே கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கேட்கிறேன். நீங்களும் மகள் பியட்றிஸும் எப்படி இருக்கிறீர்கள்? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் பேர்ளி


பாசையூர்
9.12.1984

அன்புத் தங்கச்சி பேர்ளிக்கு,

நாங்கள் சுகம்.

உன் கடிதம் வந்தது. உறையில் நீ ஒட்டியதற்கு மேல் இன்னொருவரும் பிரித்து ஒட்டியிருந்தார். ஆகவே அளவாக எழுது.

வேறொரு வேதத்துக்காரியின் திரியை ஊதி அணைத்தாயே, உன்னை நான் என்ன செய்ய? அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் மறக்காமல் சொல். சுவாமியாருக்குச் சிரிப்பு வந்தால் அது அவருடைய பாடு. அந்த மனுசிக்கு ஒரு நாளைக்கு இறால் குழம்பு வைத்துக் கொடுத்துச் சமாளி. பொறு, அவர்கள் இறால் சாப்பிடுவார்களோ தெரியாது. முதலில் கேள், பிறகு சமை. உனக்கு எப்போதும் எல்லாம் மாறித்தான் நடக்கும்.

ஆனால் அவர்களின் சட்டம் எனக்குப் பிடித்துக்கொண்டது. வாய் விட்டுக் கேட்காமல் குறிப்புச் சொல்கிறது. அவர்கள் சனிக்கிழமை மட்டும் செய்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஏழு நாளும் அப்படித்தானே? பக்கத்து வீட்டு மார்கிரட் கறிவேப்பிலை வேண்டுமென்றால் "உங்கடை மரம் நல்லாய்த் தளிர்த்திருக்குது ரீச்சர்" என்றுதான் சொல்லுவாள். நான் அதுகூடச் சொன்னதில்லை.

பள்ளிக்கூடம் இடைக்கிடை நடக்கிறது. பியட்றிஸுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. வீட்டுக்குள்ளேயே இருந்து தையல் பழகுகிறாள். ஒழுங்கையில் இளம்பிள்ளைகளின் நடமாட்டம் குறைவு. பிள்ளை வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் யோசிக்கிறார்கள். அங்கே குளிர் பலமாமே? பியட்றிஸுக்குச் சின்ன வயதிலிருந்தே குளிர் ஒத்துக்கொள்ளும்.

உடம்பைப் பார்த்துக்கொள். வின்சன்றுக்குக் கையில் எண்ணெய் பூசக் கொடு, சவர்க்காரத் தண்ணீர் தோலைத் தின்றுவிடும்.

அன்புடன்
அக்கா


பாரிஸ்
6.1.1985

அன்பு அக்கா,

"பியட்றிஸுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளும்" என்ற இடத்தை வின்சன்றுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

"கொறற்றி அக்கா கேக்கிறா" என்றார்.

"அவ கேக்கேல்லை. குளிரைப் பற்றி எழுதியிருக்கிறா."

"விசரி, உதுதான் அவ கேக்கிறது. என்ரை வாழ்நாளிலை கொறற்றி அக்கா இவ்வளவு சத்தமாய்க் கேட்டு நான் காணேல்லை."

சரி, விளங்கியது. உங்கள் "இருட்டாய் இருக்குது" எங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. லைட்டைப் போடுகிறோம். வின்சன்றின் மச்சான் லாசர் பெண்சாதியோடு மாசி மாதம் வெளிக்கிடுகிறார். கொழும்பிலிருந்து மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பெர்லின். பெர்லினில் ரயில் ஏறினால் மேற்குப் பக்கம். பிறகு இங்கே. அவர்களோடு பியட்றிஸ் வரட்டும். நீங்களும் வாருங்கள். இரண்டு பேரும் என்றுதான் லாசருக்குச் சொல்லியிருக்கிறோம்.

இதை மதாமிடம் சொன்னேன். "எந்த வழியாக?" என்றா. பெர்லின் என்றேன். மனுசி கையில் இருந்த கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டா. "பெர்லினுக்கா? தப்புவதற்காகப் பெர்லினுக்குப் போகிறார்களா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தா. பிறகு பார்த்தால் கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. அதற்குப் பிறகுதான் தன் கதையைச் சொன்னா.

தகப்பன் இல்லை. தாயும் மகளும்தான். தாய் கையுறைக் கடை வைத்திருந்தவ. 1938இல் ஹிட்லரின் ஆட்கள் வியன்னாவுக்குள் வந்த கிழமையே கடைக் கண்ணாடியில் பெயின்றால் எழுதினார்களாம். மதாமைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தினார்கள். ஒருநாள் தாயையும் மகளையும் தெருவில் முழங்காலில் இருத்தி, கல்லுத் தரையைத் தேய்க்கவிட்டார்கள். சுற்றிவர ஆட்கள் நின்று பார்த்தார்கள். அதில் ஒருத்தி கீழ்வீட்டுக்காரி, கிழமைக்கு ஒரு தரம் இவர்களிடம் மா இரவல் வாங்குகிறவள். அவள் சிரித்தாளாம். "அடிச்சவங்கடை முகம் ஒண்டும் நினைவில்லை, பேர்ளி. அவளின்ரை பல்லு நினைவிருக்குது" என்று சொன்னா.

தாய் எந்த மனுசரிடமும் கைநீட்டாதவவாம். அப்படிப்பட்டவ என்ன செய்தா தெரியுமா? பெரிய தபால் கந்தோருக்குப் போய், அங்கே கிடந்த பாரிஸ் டெலிபோன் புத்தகத்தை எடுத்து, றோஸ்னர் என்று பெயர் உள்ள ஒவ்வொருவருக்கும் கடிதம் போட்டா. சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை, பெயர் மட்டும் ஒன்று. "உங்கள் பெயர்தான் எங்கள் பெயரும். என் மகளைக் கூப்பிடுங்கள்" என்று எழுதினாவாம். அந்த வருசம் வியன்னாவில் கனபேர் அப்படி எழுதினார்களாம்.

ஒரேயொரு றோஸ்னர் பதில் போட்டார். பொத்தான் வியாபாரி. "நான் உங்களுக்கு உறவில்லை. ஆனால் கடையில் ஒரு பெண்பிள்ளைக்கு வேலை உண்டு" என்று. அப்படித்தான் பத்தொன்பது வயதில் மதாம் இங்கே வந்து இறங்கினா.

எனக்கு அதைக் கேட்டதிலிருந்து ஒரே யோசனை. வெளிக்கிடுங்கள் அக்கா, இரண்டு பேரும்.

பேர்ளி


பாசையூர்
2.2.1985

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம்.

பியட்றிஸ் லாசர் குடும்பத்தோடு வருகிறாள். பெட்டியில் உனக்குப் பனங்கட்டி வைத்திருக்கிறேன். மிளகாய்த்தூள் இரண்டு பையில் கட்டியிருக்கிறேன், ஒன்று மொஸ்கோவில் போனாலும் மற்றது வரும். அவளுக்குக் காலையில் வெறும் வயிற்றில் தேத்தண்ணி கொடுக்காதே. அழுதால் பேசாமல் விடு, தானாக நிற்கும். அதட்டினால் கூடும்.

அந்தத் தாயின் கதையை வாசித்தேன். பிள்ளைக்காக என்றால் வெட்கம் எங்கே வரும்? அவ செய்ததுதான் சரி. அவவுக்கு என் வணக்கத்தைச் சொல் என்று எழுதவந்தேன், பிறகுதான் அவ இருக்கமாட்டா என்று நினைவு வந்தது.

நான் இப்போது வரவில்லை. கோழிகளை யார் பார்ப்பது? பள்ளிக்கூடத்தில் சோதனை வகுப்பு என் கையில். ஆனியில் அந்தோனியார் திருநாள், பீடத்துத் துணி தைப்பது நான்தான். அதெல்லாம் முடியட்டும். இங்கே இப்போது அமைதி. எனக்கு ஒரு குறையும் இல்லை.

பியட்றிஸ் வந்து சேர்ந்ததும் தந்தி அடி. தந்தியில் சொல்லை மிச்சம் பிடிக்காதே, "பிள்ளை நலம்" என்று முழுதாக அடி.

அக்கா


பாரிஸ்
17.3.1985

அன்பு அக்கா,

தந்தி கிடைத்திருக்கும். பிள்ளை நலம், முழுதாக நலம். முதல் நாள் அழுதாள், நான் பேசாமல் விட்டேன், நின்றது. இப்போது என்னோடு மதாம் வீட்டுக்கு வருகிறாள். போன சனிக்கிழமை மதாம் அவளைப் பார்த்து "இங்கே இருட்டாக இருக்கிறது" என்று சொல்ல, உங்கள் மகள் "ஓம் மதாம், சரியான இருட்டுத்தான்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் வந்து இருந்தாளாம். இரண்டு பேரும் நான் போகும்வரை இருட்டுக்குள் அரைகுறை இங்கிலீசில் கதைத்துக்கொண்டு இருந்தார்கள்.

இனிப் பகிடி இல்லை அக்கா.

பியட்றிஸ் எல்லாம் சொன்னாள். பள்ளிக்கூடம் மார்கழியோடு பூட்டு. கிணற்றடிச் சுவர் வெடி அதிர்வில் விழுந்துவிட்டது. நீங்கள் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுக்கிறீர்கள். கோழிகள் தையில் செத்துவிட்டன! செத்த கோழிகளை யார் பார்ப்பது என்று எனக்கு எழுதினீர்களே, உங்களுக்கு மனச்சாட்சி இல்லையா?

நீங்கள் பியட்றிஸுக்காகக் கேட்டீர்கள். உங்களுக்காகக் கேட்கவில்லை. மதாமின் தாயும் அதைத்தான் செய்தவ. ஊர்பேர் தெரியாத றோஸ்னர்களிடம் எல்லாம் மகளுக்காகக் கேட்ட மனுசி, தனக்காக ஒருவரிடமும் கேட்கவில்லை. மகள் இங்கே வந்த பிறகு கிழமைக்கு ஒரு கடிதம் போட்டா. எல்லாக் கடிதத்திலும் "நான் சுகம். சன்னலில் ஜெரேனியம் பூத்திருக்கிறது" என்று. பிறகு யுத்தம் வந்தது. ஒருநாள் கடிதம் நின்றது. ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பது மட்டும்தான் மதாமுக்குத் தெரியும்.

உங்கள் "நான் சுகம்" என்ற இரண்டு சொல்லை இனி நான் நம்பமாட்டேன். கேளுங்கள் அக்கா. ஒரு தரம் வாய் திறந்து கேளுங்கள்.

பேர்ளி


பாசையூர்
8.4.1985

பேர்ளிக்கு,

நேற்று உயிர்ப்பு ஞாயிறு. கோபத்தோடு எழுதக்கூடாது என்று ஒருநாள் பொறுத்துப் பார்த்தேன். குறையவில்லை.

நான் சுகம். அதை நீ நம்புவதும் நம்பாததும் உன் விருப்பம். பியட்றிஸுக்கு வாய் நீளம் என்று அவளிடம் சொல். சுவர் விழுந்தது உண்மை, பழைய சுவர், எப்படியும் விழத்தான் இருந்தது. இப்போது எல்லாம் பரவாயில்லை.

கேள், கேள் என்று எழுதுகிறாய். அம்மா செத்தபோது உனக்கு ஐந்து வயது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு வாசற்படியும் ஏறாமல் வளர்த்தவள் நான். இப்போது உன் ஒற்றை அறையில், திரைச்சீலைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு, உன் புருசன் கோப்பை கழுவிக் கொண்டுவருவதைச் சாப்பிடச் சொல்கிறாயா? அங்கே நான் யார்? பிரெஞ்சில் பாண் வாங்கவும் தெரியாது. இங்கே ஒழுங்கையில் போனால் "ரீச்சர்" என்று சைக்கிளை விட்டு இறங்குகிறார்கள். இறங்க ஆட்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

அந்த மதாமின் தாயோடு என்னை வைத்துக் கதைக்காதே. எனக்குப் பயமாக இருக்கிறது.

ரீச்சருக்கும் கோபம் வரும் என்று உனக்குத் தெரியட்டும். வின்சன்றிடம் சுகம் கேட்டதாகச் சொல்.

அக்கா


பாரிஸ்
5.5.1985

அன்பு அக்கா,

நீங்கள் கோபித்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது, அது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கோபிக்கிறீர்கள். சரி, நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தில் கதைக்கிறது மதாம்.

உங்களுக்கு எழுத வேண்டும் என்று தானாகவே சொன்னா. நாலாம் மாடியில் இருக்கும் புதுச்சேரி ரேமண்ட் ஐயா, இங்கே அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், மதாம் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதினார். அவருடைய தமிழ் பூசைப் புத்தகத் தமிழ், சிரிக்காதீர்கள். இடையில் அவரே எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"மதிப்பிற்குரிய மதாம் கொறற்றி, உங்களை நான் அறியேன். என் திரியை ஊதி அணைத்தவளின் தமக்கை என்பதால் எழுதுகிறேன்.

என் தாய் 'நான் சுகம்' என்று எழுதினாள். எனக்கு வயது பத்தொன்பது. நான் நம்பினேன். நம்பி, ஞாயிற்றுக்கிழமைகளில் நடனத்துக்குப் போனேன். எல்லோரும் என் தாயின் தியாகத்தைப் புகழ்கிறார்கள். எனக்கு அவள்மீது இன்றும் கோபம். அவள் கேட்டிருந்தால் என்னால் முடிந்திருக்குமா, அறியேன். பொத்தான் வியாபாரி இன்னொருத்திக்கும் இடம் கொடுத்திருப்பாரா, அறியேன். ஆனால் நான் ஓடியிருப்பேன். கதவுகளைத் தட்டியிருப்பேன். முடியாமற் போயிருந்தாலும், ஓடினேன் என்பதாவது எனக்கு இருந்திருக்கும். அதை அவள் எனக்கு விட்டுவைக்கவில்லை.

சென்ற வாரம் உங்கள் மகள் என் சமையலறையில் உங்கள் கடிதத்தை வாசித்தாள். 'அம்மாவுக்கு இப்போ பரவாயில்லையாம்' என்று சொல்லி, பாட்டுப் பாடிக்கொண்டு பாத்திரம் கழுவினாள். நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டேன். அந்தப் பாட்டை என்னால் கேட்க முடியவில்லை, மதாம்.

என்னிடம் இரண்டு அறைகள் உண்டு. ஒன்று சும்மா கிடக்கிறது. எனக்கு இரவில் ஆள் துணை வேண்டும். இதை நான் குறிப்பாகச் சொல்லவில்லை. கேட்கிறேன். வாருங்கள். ஈல்ஸே றோஸ்னர்."

அவ்வளவுதான் அக்கா. லாசர் சொல்கிறார், பெர்லின் பாதையை அடைக்கப்போகிறார்கள் என்ற கதை இருக்கிறதாம். எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது.

பியட்றிஸ் இப்போது பாடுவதில்லை. மதாமின் கடிதத்தை அவளும் கேட்டாள்.

பேர்ளி


பாசையூர்
28.5.1985

பேர்ளி,

நான் சுகமில்லை. என்னைக் கூப்பிடு.

இதை எழுதுவதற்கு நாலு தாள் கிழித்தேன். வாத்தியார் வேலை பார்த்தவளுக்கு ஒரு வசனம் எழுத வரவில்லை.

போன மாதம் காய்ச்சலில் விழுந்தேன். செம்பில் தண்ணீர் முடிந்துவிட்டது. மார்கிரட் அப்போது இருந்தாள், இடையில் சுவர்தான் இல்லையே, ஒரு சத்தம் போட்டிருந்தால் ஓடிவந்திருப்பாள். எனக்கு வாய் வரவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டு கிடந்தேன். கடைசியில் அவள்தான் கறிவேப்பிலை என்று வந்து பார்த்துவிட்டு, "ஐயோ ரீச்சர், கூப்பிட்டிருக்கலாமே" என்று அழுதாள். நீ உன் மதாமிடம் அழுதது போல. இப்போது மார்கிரட்டும் வன்னிக்குப் போய்விட்டாள். பின்னேரத்தில் இந்த ஒழுங்கையில் விளக்குக் கொளுத்த ஆள் உள்ள வீடு என்னுடையது மட்டும்தான். ஆள் இருப்பது தெரியக்கூடாது என்பதால் நானும் கொளுத்துவதில்லை.

பயமாக இருக்கிறது தங்கச்சி. சத்தம் கேட்டால் எழும்பிப்போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்க்கிறேன். உன்னையும் பியட்றிஸையும் காணாமலே செத்துவிடுவேனோ என்று பயம். அது எல்லாவற்றையும்விடப் பெரிது. உனக்கு இதை எழுதியது நல்லதாகத்தான் இருக்கிறது. ஏன் இவ்வளவு நாள் எழுதவில்லை என்று தெரியவில்லை.

திருநாளுக்கு நிற்கமாட்டேன். பீடத்துத் துணி தைத்துச் சுவாமியாரிடம் கொடுத்துவிட்டேன். கொழும்புக்குப் போகத் துணை வேண்டும் என்று அவரிடமும் வாய் விட்டுக் கேட்டேன். மனுசன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

இனி எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன், எழுதிக்கொள். பெர்லினுக்கு யாராவது வந்து நிற்க வேண்டும், வின்சன்ற் வந்தால் நல்லது. கால் மேசு தடிப்பாக இரண்டு சோடி. கோட்டு கறுப்பு வேண்டாம், நான் என்ன செத்தவீட்டுக்கா வருகிறேன்? மண்ணிறம் எடு. பிரெஞ்சில் பாண் வாங்க என்ன சொல்ல வேண்டும் என்று தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பு. ஸ்டேசனுக்குப் பியட்றிஸைக் கூட்டிவா, முன்னுக்கு நிற்கவை. அவளைப் பாடச் சொல், அம்மா வருகிறா என்று சொல்லி.

பார்த்தாயா, கேட்கத் தொடங்கினால் நிற்பாட்டத் தெரியவில்லை எனக்கு.

மதாம் ஈல்ஸேக்கு ஒரு வரி. ரேமண்ட் ஐயாவிடம் கொடுத்து நல்ல பிரெஞ்சில் சொல்லச் சொல். அறைக்கு நன்றி. இரவுத் துணைக்கு நான் வருகிறேன். வெள்ளிக்கிழமை உங்கள் திரி தானாக அணையும்வரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வேன், ஊதமாட்டேன். சனிக்கிழமை நீங்கள் வாயே திறக்க வேண்டாம்.

உன்னிடம் மட்டும் நான் குறிப்புச் சொல்லப்போவதில்லை, பேர்ளி. லைட்டைப் போடு, பிள்ளை. கெதியாய்ப் போடு.

உன் அக்கா
கொறற்றி